எந்த மாத்திரை ஒசத்தி?

மாமா பதில்கள்

இந்த வாரத் தபால் பை முழுக்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வாசனை. கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நடக்கிற வலிப்பு மாத்திரைப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராகப் போட்டிருக்கிறீர்கள். போட்டதற்கு நன்றி. டோஸ் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மாமாவிடம் பேனா உண்டு, பிரிஸ்கிரிப்ஷன் பேடு கிடையாது.

● நைட் ஷிஃப்ட் நண்பர், ஒரகடம்: வலிப்புக்கு நம்பர் ஒன் மாத்திரை எது மாமா?

யாருக்கு? எந்த வகை வலிப்புக்கு? இரண்டையும் சொல்லாமல் நம்பர் ஒன் கேட்பது, சைஸ் சொல்லாமல் செருப்பு கேட்பது. மூளையின் ஒரு மூலையில் கிளம்பும் வலிப்புக்கு ஒரு வரிசை, மொத்த மூளையும் ஒரே நேரத்தில் அதிரும் வலிப்புக்கு வேறு வரிசை. கடையில் கேட்டால் இரண்டுக்கும் ஒரே அட்டையைத்தான் நீட்டுவார்கள்.

● குவாலிட்டி இன்ஸ்பெக்டர், இருங்காட்டுக்கோட்டை: டேட்டா இல்லாமல் பேசினால் ரிஜெக்ட் செய்துவிடுவேன்.

இந்தாருங்கள் டேட்டா. பிரிட்டனில் சனாட் என்ற ஆய்வு. முடிவுகள் 2007இல் ஒரு தடவை, 2021இல் இன்னொரு தடவை வந்தன. ஒரு மூலை வலிப்புக்கு லாமோட்ரிஜின் முந்தியது. மொத்த மூளை வலிப்புக்கு வால்ப்ரோயேட் முந்தியது. இன்று சீட்டுக்குச் சீட்டு எழுதப்படும் லெவெடிரசெட்டம் இரண்டிலும் முதலிடம் வாங்கவில்லை.

பிறகு ஏன் எழுதுகிறார்கள்? சீக்கிரம் வேலை தொடங்கும். மற்ற மருந்துகளோடு சண்டைக்குப் போகாது. லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ரிப்போர்ட்டில் முதலிடம் ஒருவருக்கு, புரமோஷன் இன்னொருவருக்கு. உங்கள் டிபார்ட்மென்டில் பார்க்காததா?

● இல்லத்தரசி, படப்பை: லெவெடிரசெட்டம் ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்காரர் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். மாத்திரையா, மனுஷனா?

மாத்திரை மேல் சந்தேகப்படலாம் தாயி. சிலருக்கு அது எரிச்சல், கோபம், மனச்சோர்வு எல்லாவற்றையும் கிளப்பும். டாக்டரிடம் சொல்லுங்கள்; மாற்ற வழி இருக்கிறது. ‘செத்துடலாம் போல இருக்கு’ என்று பேச்சு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். மாத்திரைக்கு முந்தியும் அப்படித்தான் என்றால், நியூராலஜியில் அதற்கு மருந்து இல்லை.

● டிப்ளமோ முடித்தவர், பென்னலூர்: ஃபெனிட்டாயின் எந்தக் காலத்து மருந்து?

1908இல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பில்ட்ஸ் தயாரித்தார். வலிப்பை அடக்கும் என்று மெரிட், புட்னம் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள் காட்டியது 1938இல். முப்பது வருஷம் சர்டிபிகேட்டோடு சும்மா உட்கார்ந்திருந்தது. நீங்கள் முடித்து ரெண்டு வருஷம்தானே ஆகிறது? தளராதீர்கள்.

● பிரஸ் ஷாப் ஆபரேட்டர், மாம்பாக்கம்: ஃபெனிட்டாயின் 300 மி.கி. போட்டேன். போதாதென்று நானே 400 ஆக்கினேன். இப்போது தள்ளாடுகிறேன், பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறது.

மற்ற மருந்துகளில் பெரும்பாலும் டோஸ் கூட்டினால் ரத்தத்தில் அதே விகிதத்தில் கூடும். ஃபெனிட்டாயினில் கல்லீரலின் கெபாசிட்டி நிரம்பிவிட்டால் அந்தக் கணக்கு உடையும்; 100 மி.கி. கூட்டினாலும் ரத்த அளவு எகிறிவிடும். இன்றே டாக்டரைப் பாருங்கள், அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டு. அதுவரை பிரஸ் பக்கம் போக வேண்டாம். போலீஸ் ஊதச் சொன்னால் பாஸ், கோட்டில் நடக்கச் சொன்னால் ஃபெயில்.

● மகன், தண்டலம்: அப்பா வருஷக்கணக்காக அதே மாத்திரை. ஈறு வளர்ந்து பல்லை மூடுகிறது.

அதுவும் ஃபெனிட்டாயினின் கைவரிசைதான். நன்றாகப் பல் தேய்த்தால் மட்டுப்படும். பல் டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஈறை வெட்டுவார். மாத்திரை திரும்ப வளர்க்கும்.

● அசெம்பிளி லைன் பெண், வல்லம் வடகால்: ஹாஸ்டலில் காலையில் எழுந்ததும் கை உதறுகிறது. பிரஷ் பறக்கிறது, டீ கிளாஸ் பறக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்த மறுநாள் ரொம்ப மோசம். ஃபிட்ஸ் ஒரே தடவைதான் வந்தது. கார்பமாசெபின் கொடுத்திருக்கிறார்கள்.

மகளே, பறந்த டீ கிளாஸ் கதையை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்; அவரும் கேட்டிருக்க மாட்டார். பதின்வயதில் தொடங்கும் ஒரு வலிப்பு வகைக்குக் காலை உதறல்தான் அடையாளம், தூக்கம் கெடுவதுதான் தீனி. அந்த வகைக்குக் கார்பமாசெபினும் ஃபெனிட்டாயினும் உதறலைக் கூட்டவும் கூடும். நீயாக நிறுத்தாதே, உடனே நியூராலஜிஸ்ட்டைப் பார்த்துக் கிளாஸ் கதையிலிருந்து ஆரம்பி. பாதி நோயறிதல் ஸ்கேனில் இல்லை, டீ கறையில் இருக்கிறது.

● ஹெச்.ஆர். அதிகாரி, சுங்குவார்சத்திரம்: எங்கள் ஏரியாவில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? நாலைந்து பேர்?

வேலூர் மாவட்டத்தில் எடுத்த கணக்கு, ஆயிரத்துக்கு ஏறக்குறைய நாலு பேர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் 18,720 படுக்கை. ஊர்க் கணக்கை அப்படியே பொருத்தினால் அங்கே மட்டும் எழுபது பேருக்கு மேல். உங்கள் ரெஜிஸ்டரில் பூஜ்யம் என்றால் நோய் இல்லையென்று அர்த்தமில்லை. உங்களிடம் சொல்லப் பயம் என்று அர்த்தம்.

● காப்பாற்றியவர், பிள்ளைப்பாக்கம்: லைனில் ஒருவருக்கு வலிப்பு. சாவிக்கொத்தைக் கையில் திணித்தேன், நின்றுவிட்டது. மாத்திரை எதற்கு?

பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக நிற்கும். நீங்கள் சாவி தேடி எடுத்து வரவும் அது முடியவும் சரியாக இருக்கும், பேர் சாவிக்கு. இரும்புக்கு அந்தச் சக்தி இருந்தால் உங்கள் பிரஸ் ஷாப்பில் ஒருத்தருக்கும் வலிப்பு வரக் கூடாதே!

● லைன் லீடர், வைப்பூர்: பிறகு என்னதான் செய்வது?

மெஷினை நிறுத்து. ஆளை ஒருக்களித்துப் படுக்க வை. தலைக்கடியில் மடித்த சட்டை. வாயில் எதையும் திணிக்காதே. ஸ்பூன், தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். கையில் வாட்ச் இருக்கிறதல்லவா, அதைப் பார். 5 நிமிஷம் தாண்டினால் 108. மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் முதலுதவிப் பெட்டியிலேயே வைக்கலாம். சுற்றி நின்று வீடியோ எடுக்கும் ஐந்து பேரில் ஒருவர் மட்டும் எடுக்கட்டும், டாக்டருக்கு உதவும். மற்ற நாலு பேர் காற்று வர விடட்டும்.

● ஆம்புலன்ஸ் உதவியாளர், ஸ்ரீபெரும்புதூர்: நிற்காத வலிப்புக்கு ஆஸ்பத்திரியில் எந்த ஊசி ஒசத்தி?

முதல் ஊசி லொராசிபாம், மிடசோலம் குடும்பம். அதற்கும் மசியவில்லை என்றால் அடுத்தது எது என்று அமெரிக்காவில் மூன்று மருந்தை மோதவிட்டார்கள். முடிவு வந்தது 2019இல். லெவெடிரசெட்டம் 47 சதவீதம், ஃபாஸ்ஃபெனிட்டாயின் 45, வால்ப்ரோயேட் 46. மேட்ச் டிரா. அதனால் எது ஒசத்தி என்று நின்று பேசும் நேரம்தான் நோயாளிக்கு நஷ்டம்.

● வருங்கால மருமகளின் மாமியார், வாலாஜாபாத்: பெண்ணுக்கு வலிப்பு மாத்திரை உண்டாம். கல்யாணம் சட்டப்படி செல்லுமா?

செல்லும். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாக வைத்திருந்த வரியை 1999இல் நீக்கிவிட்டார்கள். பெண் வீட்டார் முன்னாடியே சொன்னதற்கு ஒரு கும்பிடு போடுங்கள். மாப்பிள்ளை முழுங்கும் மாத்திரையெல்லாம் நீங்கள் சொல்லிவிட்டீர்களா?

● மணப்பெண்ணே எழுதுகிறேன், வாலாஜாபாத்: நான் போடுவது வால்ப்ரோயேட்.

வாழ்த்துகள் அம்மா. பத்திரிகை அடிக்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டியது நீதான். கர்ப்பகாலத்தில் வால்ப்ரோயேட் போட்டால் நூற்றில் சுமார் பத்துக் குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். வழக்கமாக இது இரண்டு மூன்றுதான். பிள்ளையின் அறிவு வளர்ச்சியையும் அது பாதிக்கும். லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் இரண்டும் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனத்தில் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். நம் பக்கத்துப் பெண்களின் அனுபவமே அதில் இருக்கிறது.

மாற்றுவது கருத்தரிக்கும் முன்பு. ஃபோலிக் அமிலமும் அப்போதே. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு சீர்வரிசையோடு திரும்பும்.

● புதுமணத் தம்பதி, குன்றத்தூர்: கருத்தடை மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் சேர்த்துப் போடலாமா?

ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், ஃபினோபார்பிடோன் மூன்றும் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும். லாமோட்ரிஜினில் கதை தலைகீழ்: கருத்தடை மாத்திரை அதன் அளவைக் குறைக்கும். டாக்டரிடம் இரண்டு அட்டையையும் காட்டாதவர்கள், பத்து மாசம் கழித்து மூன்றாவது ஆளையும் காட்டுவார்கள்.

● சுத்த சைவம், திருமழிசை: ஸ்கேனில் ‘நாடாப்புழுக் கட்டி’ என்கிறார்கள். நான் முட்டைகூடத் தொட்டதில்லை!

சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் வயிற்றில் புழு வரலாம். மூளையில் கட்டி வருவது வேறு வழி: புழு உள்ளவர் கழிப்பறை போய்விட்டுக் கை கழுவாமல் சமைத்தாலோ பரிமாறினாலோ, முட்டை உங்கள் தட்டுக்கு வரும். வேலூர் ஆய்வில் வலிப்புக்காரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இதுதான்.

இந்தச் சின்னக் கட்டியைக் காசநோய் என்று நினைத்து மாசக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்த காலம் ஒன்று உண்டு. 1980களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்தான் எடுத்துப் பார்த்து, பெரும்பாலும் புழு என்று காட்டினார்கள். வலிப்பு மாத்திரையோடு புழு மருந்தும் டாக்டர் சொன்னால் உண்டு. நீங்களே வாங்கிப் போட்டால் மூளையில் வீக்கம் வரலாம். முட்டை நீங்கள் தொடாவிட்டால் என்ன, அது உங்களைத் தொட்டுவிட்டது.

● கான்ட்ராக்ட் தொழிலாளி, ஒரகடம்: புது மாத்திரைக்குக் கட்டுப்படியாகவில்லை. பழசு மட்டமா?

இல்லை. கர்நாடகத்தின் யளந்தூர் கிராமங்களில் டாக்டர் கே.எஸ். மணி குழு ஃபினோபார்பிடோன், ஃபெனிட்டாயின் இரண்டையும் வைத்தே கிராமத்து வலிப்பை அடக்க முடியும் என்று காட்டியது. 2001இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வருஷத்துக்கு 5 டாலர் செலவிலேயே வலிப்பை அடக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரு மாசத்தில் டீயும் பன்னுமாகச் சாப்பிடுகிறோம். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறதே, அந்த டிஸ்பென்சரி வாசலையும் ஒரு தடவை மிதியுங்கள்.

● வரலாற்றுப் பிரியர், திருப்பெரும்புதூர் சன்னதித் தெரு: ஃபினோபார்பிடோனைக் கண்டுபிடித்த ரிஷி யார்?

வலிப்புக்கு ஆகும் என்று கண்டவர் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன், 1912. வார்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார்; ராத்திரி நோயாளிகளின் சத்தத்தில் தூக்கம் போனதால் தூக்க மருந்தாக இதைக் கொடுத்தார், வலிப்பு குறைந்தது என்று கதை சொல்வார்கள். பின்னால் யூதர் என்பதால் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனார். அவர் மருந்து ஊரைத் தூங்க வைத்தது. ஊர் அவரைத் தூங்க விடவில்லை.

● மெடிக்கல் ஷாப் பையன், செரப்பணஞ்சேரி: வால்ப்ரோயேட்டுக்கும் கதை இருக்கிறதா?

1882இலேயே தயாரித்துவிட்டார்கள். எண்பது வருஷம் அது வெறும் கரைப்பான். 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் வேறு மருந்துகளை அதில் கரைத்துச் சோதித்தபோது எல்லா மருந்தும் வலிப்பை அடக்கியது. எப்படி எல்லாமே ஜெயிக்கும் என்று யோசித்த பிறகுதான் தெரிந்தது, வேலை பார்த்தது கரைப்பான். பெயர் வாங்குபவன் ஒருவன், உழைப்பவன் இன்னொருவன். கான்ட்ராக்ட் லேபருக்குப் புரியும்.

● சிக்கனக்காரர், மணிமங்கலம்: முதல்வர் மருந்தகத்தில் ஜெனரிக் மலிவு என்கிறார்கள். நம்பலாமா?

2025 பிப்ரவரியில் ஆயிரம் கடை திறந்தார்கள். கடையில் உங்கள் மருந்து இருந்தால் விசாரியுங்கள். 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் லாமோட்ரிஜின் ஜெனரிக்குகளை நோயாளிகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாசத்துக்கொரு கம்பெனி மாறுவது உங்களுக்கு வேண்டுமானால் சரி, மாத்திரைக்கு வேண்டாம்.

● அரிப்புக்காரர், எழிச்சூர்: கார்பமாசெபின் தொடங்கிப் பத்து நாள். உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, வாயில் புண்.

இதைப் படித்து முடிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இப்போதே. தோல் உரியும் ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம். ஆசியர்கள் சிலரிடம் உள்ள எச்.எல்.ஏ.–பி 1502 என்ற மரபணு அடையாளம் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. லாமோட்ரிஜினை மெல்ல ஏற்றுவதும் தோல் தடிப்புப் பயத்தில்தான். கூடவே வால்ப்ரோயேட் இருந்தால் இன்னும் மெல்ல. இந்த ஒரு பதிலில் மட்டும் ஜோக் கிடையாது.

● பெயின்ட் ஷாப் ஊழியர், ஒரகடம்: டோபிரமேட் போட்டால் எடை குறையுமாமே!

குறையும். கூடவே பேச்சில் வார்த்தை சிக்கும், சிலருக்குச் சிறுநீரகக் கல் வரும், வியர்வை குறைந்து உடம்பு சூடேறும். மே மாசத்தில், பெயின்ட் ஷாப்பில் வியர்க்காமல் நிற்பது சாதனை இல்லை, ஆபத்து. தொப்பை குறைய வேண்டுமானால் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்குங்கள்.

● வாரக்கடைசி வீரர், சுங்குவார்சத்திரம்: சரக்கடிக்கும் நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறேன். ரெண்டும் சேரக் கூடாதல்லவா?

சேரக் கூடாதுதான். விடச் சொன்னது எதை என்பதில்தான் குழப்பம்.

● ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், இருங்காட்டுக்கோட்டை: மூன்று வருஷமாக வலிப்பே இல்லை. கம்பெனியில் சொல்லவும் இல்லை.

மூன்று வருஷம் அடக்கியது மாத்திரை. அதற்கு ஒரு சபாஷ். ஆனால் லைசென்ஸ் விண்ணப்பத்தின் முதல் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. நம் சட்டம் இதில் கறார். பிரிட்டனில் ஒரு வருஷம் வலிப்பில்லாவிட்டால் கார் ஓட்டலாம். லாரிக்கு மாத்திரையும் இல்லாமல் பத்து வருஷம். கம்பெனி டாக்டரிடம் சொல்லி ஸ்டோர்ஸ், குவாலிட்டி மாதிரி வேலை கேளுங்கள். உயரம், பிரஸ், உலை, வண்டி இந்த நாலும் வேண்டாம். இரண்டு டன் பேலட்டுக்கு உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாது.

● ஒடிசா நண்பரின் ரூம்மேட், வல்லம்: ஊருக்குப் போனவன் திரும்பி வந்ததும் வலிப்பு. அங்கே அந்த மாத்திரை கிடைக்கவில்லையாம்.

கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பான். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் போனில் படம் எடுத்து வைக்கச் சொல். ரயிலேறும் முன் லீவு நாளுக்கு மேலேயே ஸ்டாக். மூணு ஷிஃப்டிலும் சாப்பாட்டு நேரம் மாறும், மாத்திரை நேரம் மாறக் கூடாது. காலை 8, இரவு 8 என்று போனில் அலாரம் வை. மறந்தால் ஞாபகம் வந்ததும் ஒன்று போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் ரெண்டாகச் சேர்த்துப் போடாதே, அது ஓ.டி. கணக்கில் வராது.

● மூலிகைப் பக்தர், காஞ்சிபுரம்: எனக்குத் தெரிந்த ஒருவர் தரும் தூளில் வலிப்பு அறவே நின்றது. அலோபதி தோற்றது!

வலிப்புக்கான ‘மூலிகை’ மருந்துகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, ஃபினோபார்பிடோன் கலந்திருந்ததைக் கண்டுபிடித்த கதை நம் நாட்டிலேயே உண்டு. அளவு தெரியாது, நிறுத்தினால் பேராபத்து. அலோபதி தோற்கவில்லை, மாறுவேடத்தில் வந்திருக்கலாம்.

● ‘கூல்’ தம்பி, ஒரகடம் ஜங்ஷன்: கஞ்சா வலிப்புக்கு மருந்தாமே?

கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த கன்னபிடியால் என்ற சுத்தமான திரவத்தை, அரிதான சில குழந்தை வலிப்புகளுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. போதை தரும் பொருளை நீக்கிவிட்டுத்தான். நீ கேட்கிற மருந்தில் அதுதானே வேண்டும்?

● பொறுமையிழந்தவர், சோமங்கலம்: இரண்டு மாத்திரை மாற்றியாயிற்று, அடங்கவில்லை. மூன்றாவது கட்டாயம் பிடிக்கும்தானே?

கிளாஸ்கோவில் 525 பேரைத் தொடர்ந்து பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். அதுவரை மாத்திரையே போடாதவர்களில், முதல் மாத்திரையிலேயே அடங்கியவர்கள் 47 சதவீதம். இரண்டாவதில் இன்னும் 13. மூன்றாவதிலோ கூட்டணியிலோ சேர்த்து 4. இரண்டு சரியான மருந்து சரியான அளவில் தோற்றால் அறுவை சிகிச்சை பலிக்குமா என்று பெரிய மையத்தில் கேட்பதே புத்தி. ஸ்ரீசித்திரையில் 1995 முதல் செய்கிறார்கள். மூன்றாவது கூட்டணியை நம்புவதைத் தேர்தலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

● அவசரக்காரர், நந்தம்பாக்கம்: இரண்டு வருஷம் வலிப்பில்லை. நிறுத்திவிட்டேன்!

இரண்டு வருஷம் என்பது டாக்டரிடம் பேச்சைத் தொடங்கும் நேரம். பிரிட்டனில் 1991இல் வந்த ஆய்வில், மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தியவர்களில் இரண்டு வருஷத்துக்குள் 41 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, தொடர்ந்தவர்களில் 22. உங்களுக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது வலிப்பு வகை, ஸ்கேன், ஈ.ஈ.ஜி. மூன்றையும் பார்த்துத்தான். மெல்லக் குறைப்பதற்குப் பெயர் சிகிச்சை. நீங்கள் செய்ததற்குப் பெயர் வேறு. குடும்பப் பத்திரிகை, எழுத முடியாது.

● டென்னிஸ் பால் வீரர், மாம்பாக்கம்: வலிப்பு இருந்தால் விளையாட்டு அவ்வளவுதானா?

1992 உலகக் கோப்பையில் இன்சமாமை ரன் அவுட் ஆக்க ஸ்டம்ப்பை நோக்கிப் பாய்ந்தாரே ஜான்டி ரோட்ஸ், அவருக்கும் வலிப்பு நோய் உண்டு. நீ கேட்ச் விடுவதற்கு வேறு காரணம் தேடு.

● சந்தேகப் பிராணி, செங்காடு: வலிப்பு தொட்டால் ஒட்டுமா?

ஒட்டாது. வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியம்தான் ஒட்டும்.

● விடாக்கண்டர், ஸ்ரீபெரும்புதூர்: இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் டாக்டராகவில்லை மாமா?

ஆகியிருந்தால் கேள்வி கேட்பது நானாகியிருக்கும். ‘மாத்திரை ஒருவேளைகூட விடாமல் போட்டீங்களா?’ என்று கேட்பேன். ‘ஆமாம் டாக்டர்’ என்பீர்கள். அதை நம்பி டோஸைக் கூட்டி எழுத எனக்குத் தைரியம் போதாது.